அறுந்துபோக வேண்டிய வார்

போன மாதம் என் மகன் புதுக் கார் வாங்கினான். பெட்ரோல் போட வேண்டாத கார். சத்தமே இல்லாமல் கிளம்பும் என்றார்கள். கிளம்பிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு புதுக் கவலை. ஷோரூமில் இருந்த பெண் பின்சீட்டைத் தட்டிக் காட்டி, "வீகன் லெதர்" என்றாள். அதாவது தோல் மாதிரி இருக்கும், ஆனால் எந்த மாட்டுக்கும் அதில் சம்பந்தம் இல்லை. நல்ல விஷயம்தான். அவர்கள் விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கம் ஏறி, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குனிந்து சீட்டில் மூக்கை வைத்து முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. புதுப் பிளாஸ்டிக் குடத்தில்கூட ஏதோ ஒன்று இருக்கும்; இதில் அதுவும் இல்லை. நிமிர்ந்தால் அந்தப் பெண் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஈஸ் ஹி ஓகே?" என்று மகனிடம் கேட்டாள். "ஹி யூஸ்ட் டு மேக் சாடில்ஸ்" என்றான் அவன்.

அது தப்பு. நான் சேணம் செய்ததே இல்லை. சேணம் பெரிய வேலை. நான் செய்ததெல்லாம் சேணத்தைச் சுற்றி இருக்கிற சில்லறை: தலைவார், லகான், மார்ப்பட்டை, கொக்கிக்கு ஒரு சின்ன வார். குதிரைக்குத் துணி தைக்கிற தையல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதுவும் ஒரு குதிரையைத் தொடவே பயப்படுகிற தையல்காரன்.

ஆனால் அந்த வாசனையே இல்லாத சீட்டில் உட்கார்ந்தபோது, நான் வேலை செய்த டார்லாவின் கடை அப்படியே மூக்குக்குள் வந்துவிட்டது. மரப்பட்டையில் பதம் செய்த தோல், தேன்மெழுகு தேய்த்த நூல், காலையில் வைத்து மத்தியானம் வரை கருகிக்கொண்டிருக்கும் காபி, ஹூஸ்டன் பக்கத்து ஈரக்காற்றில் தோல்மேல் பூக்கிற பூஞ்சை, அதைத் துடைக்கிற எண்ணெய். நான் ஆம்பூர்க்காரன். தோல் வாசனை எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் அது வேறு மாதிரி, மருந்தும் சுண்ணாம்புமாகச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வரைக்கும் வரும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஷூ கம்பெனியில் சேர்ந்தவன் நான். கணக்கு வாத்தியாரைப் பார்த்தால் பயம். அதற்கு மிஷின் தேவலை என்று நினைத்தேன். மிஷினைப் பார்த்தாலும் அதே பயம் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவுக்கு நான் வந்தது என் திறமையில் இல்லை. என் மனைவி கிரேஸ் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது; சாமான்களோடு சாமானாக நானும் வந்தேன். சுகர் லேண்டில் அபார்ட்மென்ட். பக்கத்து வீடுகளில் எல்லாம் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்கள், ஆஸ்பத்திரி டாக்டர்கள். சனிக்கிழமை யார் வீட்டிலாவது பிறந்தநாள் இருக்கும். ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்ததும் கேட்பார்கள்: "பிரதர், நீங்க எந்த கம்பெனி?" நான் கிரேஸ் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வேன். "ஓ, டாக்டரா?" என்பார்கள். இல்லை, என் மனைவி அங்கே நர்ஸ் என்பேன். அதற்குப் பிறகு பேச்சு மழையைப் பற்றிப் போய்விடும். வீட்டுக்காரர்கள் என்னை அறிமுகப்படுத்துவதும் ஒரே மாதிரிதான்: "இவர் கிரேஸ் சிஸ்டரோட ஹஸ்பண்ட்." சில வருஷங்கள் அதுதான் என் பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டேன்.

டார்லாவின் கடைக்கு நான் போய்ச் சேர்ந்ததே ஃப்ரீவே பயத்தினால்தான். இங்கே பயமில்லாதவர்கள் மேலே ஃப்ரீவேயில் பறப்பார்கள். என்னைப் போன்றவர்கள் கீழே அதன் ஓரத்துச் சாலையில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று, ஆண்டவரை நினைத்துக்கொண்டு ஊர்ந்து போவோம். மற்றவர்கள் டீ குடிக்கிற நேரத்தில் போகிற இடத்துக்கு எனக்கு ஒரு படம் பார்க்கிற நேரம் ஆகும். அந்தச் சாலையில் ஒரு சிக்னல் எப்போதும் என்னைப் பிடித்துவிடும். அதற்கு நேரே ஒரு தகரக் கொட்டகை, ஜன்னலில் ஒரு சேணம். பார்த்துப் பார்த்து ஒருநாள் உள்ளே போய்விட்டேன்.

உள்ளே சுவர் முழுக்கத் தலைவார்கள் தொங்கின. ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அருமையான தோல், அருமையான தையல், ஆனால் மேல்வாரில் நடுவே நீளமாக ஒரு கிழிசல். விற்பனைக்கு வைத்திருக்கிறார்களே, யாராவது வாங்கிக்கொண்டு போய்க் குதிரை பாதி வழியில் கீழே தள்ளிவிட்டால் என்ன ஆவது? கடையில் இருந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இது கிழிந்திருக்கிறது, நான் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொன்னேன். அவர்தான் டார்லா. என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம், வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. அந்தத் தலைவாரை எடுத்துத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு, அந்தக் கிழிசல் வழியாகத் தன் காதை வெளியே இழுத்துவிட்டுக் காட்டினார். குதிரையின் காது நுழைவதற்காக வேண்டுமென்றே விட்ட பிளவாம் அது. நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவர் சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் வாருக்காக இவ்வளவு கவலைப்படுகிற ஆள் ரிப்பேர் வேலைக்கு உபயோகப்படுவான் என்று சொல்லி, ஒரு மூட்டை அறுந்த வார்களை என் முன்னால் கொட்டினார்.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. பேட்டி என்று ஒன்று நடந்திருந்தால் கிடைத்திருக்காது.

ரிப்பேர் வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே மிஷின் அதிகம் கிடையாது; ஒரு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இந்தப் பக்கமிருந்து ஒன்று அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று கையால் தைக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். கவலைப்படுகிறவனுக்கென்றே கண்டுபிடித்த தையல். ஒரு வரிசை போதும் என்கிற இடத்தில் நான் இரண்டு வரிசை போடுவேன். நான் தைத்துக் கொடுத்த வார் திரும்பி வந்ததே இல்லை. வாடிக்கையாளர்களும் திரும்பி வரமாட்டேன் என்கிறார்கள் என்று டார்லா குறைப்பட்டுக்கொள்வார்.

இப்படி இருக்கையில் ஒரு பிறந்தநாள் வீட்டில் டாக்டர் சுந்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருதய டாக்டர். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, மகள் நித்யா ஆசைப்பட்டாள் என்று ஒரு குதிரையும் வாங்கியிருந்தார். செம்மண் நிறக் குதிரை. பெயர் பிஸ்கட். அது முன்பே வைத்த பெயர். டாக்டரின் மனைவி அதைக் கேட்டுவிட்டுத் தினமும் அதற்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். "நீங்கதான் அந்தக் கடையில வேலை பண்றீங்களாமே. நித்யா சொன்னா. நம்ம ஆளு ஒருத்தர் குதிரைக்குத் தைக்கிறார்னு எனக்குத் தெரியவே தெரியாது." அந்தப் பந்தியில் முதல் தடவையாக என்னைச் சுற்றி நாற்காலிகள் திரும்பின. என்ன குதிரை, என்ன தோல், கௌபாய் எல்லாம் வருவானா என்று கேட்டார்கள். தோல் என்றதும் ஒரு மாமி மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல இடம் மாறினார். போகட்டும். அன்று காரில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் கொஞ்சம் அதிகம் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. கிரேஸ் ஓட்டிக்கொண்டே, "சீட் பெல்ட் போடுங்க, பறந்துடப் போறீங்க" என்றாள்.

டாக்டர் மறுவாரமே கடைக்கு வந்து பிஸ்கட்டுக்கு ஒரு ஹால்டர் வேண்டும் என்றார். ஹால்டர் என்பது கடிவாளம் இல்லாத வெறும் தலைப்பட்டை. சவாரிக்கு இல்லை, குதிரையை நடத்திக்கொண்டு போக, ஓரிடத்தில் கட்டிவைக்க. டார்லா என்னைக் கைகாட்டினார். முதல் வெட்டிலிருந்து கடைசித் தையல் வரை இதை நானே செய்ய வேண்டும். நன்றாக வந்தால் எனக்கென்று ஒரு முத்திரை வார்த்துத் தருகிறேன், இனிமேல் நீ ரிப்பேர்காரன் இல்லை, உன் வேலையில் உன் அடையாளம் இருக்கும் என்றார். அந்தப் பக்கத்துக் கைவினைக்காரர்கள் தாங்கள் செய்த வாரில் ஒரு மூலையில் தங்கள் முத்திரையை அடித்துவிடுவார்கள். யார் வாங்கினாலும், எந்தக் குதிரை தலையில் இருந்தாலும், இன்னார் செய்தது என்று இருக்கும். யோசித்துப் பாருங்கள். கிரேஸ் சிஸ்டரோட ஹஸ்பண்ட் என்று அதில் அடிக்க முடியாது.

சந்தோஷப்பட எனக்கு ஒரு சாயங்காலம் கொடுத்தார்கள். மறுநாள் டார்லா அந்தக் குண்டைப் போட்டார். இந்த ஹால்டரில் ஒரே ஒரு வார், காதுக்குப் பின்னால் தலைக்கு மேலே போகிற வார், அறுந்துபோகிற மாதிரி இருக்க வேண்டும்.

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். சரியாகத்தான் கேட்டிருந்தேன். குதிரையைக் கட்டிவைத்திருக்கும்போது அது எதற்காவது மிரண்டால் பின்னால் இழுக்கும். வார் விடாவிட்டால் இன்னும் மிரளும், இன்னும் இழுக்கும், கழுத்தை முறித்துக்கொள்ளும், இல்லையென்றால் கட்டிய கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆட்கள் மேலே விழும். அதனால் ஒரு வாரை மட்டும் மெல்லிசாகச் செய்து வைப்பார்கள். ஒரு அளவுக்குமேல் இழுத்தால் அது அறும். விடுபட்டதும் குதிரை கொஞ்சம் தள்ளிப் போய், எதற்கு மிரண்டோம் என்பதையே மறந்து புல் மேயும். இன்னொரு வார் போட்டுக்கொள்ளலாம். டார்லா இளம் வயதில் அறாத ஹால்டர் ஒன்றினால் ஒரு குதிரையை இழந்திருக்கிறார். அதை ஒரே வாக்கியத்தில் சொன்னார், தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை. ஆம்பூரில் சூப்பர்வைசர் ஒவ்வொரு வாரையும் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். அறுந்தால் அன்றைக்கு முழுக்க அவர் வாயில் நம் பெயர்தான். அந்தச் சுண்டலுக்குப் பயந்து பயந்து வளர்ந்த கை இது. அறுந்துபோகிற வார் செய் என்றால் எப்படிச் செய்யும்? முதல் வாரைச் செய்து கொடுத்தேன். மெல்லிசாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். டார்லா கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், ஹால்டரை வேலிக் கம்பத்தில் மாட்டி, கயிற்றைத் தன் பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி, மெதுவாக நகர்த்தினார். வார் அப்படியே இருந்தது. கம்பம் அடியில் சிமென்ட் உருண்டையோடு கடைவாய்ப்பல் மாதிரி பிடுங்கிக்கொண்டு வந்தது. டார்லா இறங்கி வந்து கம்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அது குதிரையின் கழுத்து என்று வைத்துக்கொள் என்றார். பிறகு ஒரு விதையைத் துப்பிவிட்டு, இந்த வேலியையும் உன்னையே போடச் சொல்லியிருக்கலாம் என்றார்.

இரண்டாவது வார் அறுந்தது, ஆனால் பிக்கப்பின் டயர் மண்ணில் புதைந்த பிறகு. தோலைச் சீவி மெலிதாக்குவது ஷூ கம்பெனியில் நான் தினமும் செய்த வேலைதான். ஷூவின் ஓரம் மடங்குவதற்காகச் சீவுவோம். இங்கே அதே கத்தியை வைத்துக்கொண்டு சீவினால், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கவலை. கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டால் குதிரை தும்மினாலே அறுந்து, ஃப்ரீவேயில் ஓடி, அதன்மேல் லாரி மோதி, டாக்டர் கேஸ் போட்டு, கிரேஸின் வேலை போய், நாங்கள் எல்லோரும் மறுபடி ஆம்பூர் போகிற வரைக்கும் ஒரே மூச்சில் யோசித்துவிடுவேன். கொஞ்சம் குறைவாகச் சீவினால் அந்தக் கம்பம் கண்முன்னால் வந்து நிற்கும். சாப்பாடு இறங்கவில்லை. கிரேஸ் பார்த்துப் பார்த்து ஒருநாள் சொன்னாள்: "நீங்க அறுந்துடும்னும் பயப்படுறீங்க, அறாதுன்னும் பயப்படுறீங்க. ஏதாவது ஒரு பக்கமா நின்னு பயப்படுங்க."

ஒருவழியாக டார்லா தலையாட்டுகிற மாதிரி ஒரு வார் வந்தது. ஹால்டரின் மற்ற பாகமெல்லாம் என் வழக்கப்படி இரண்டு வரிசைத் தையல், பித்தளைக் கொக்கி, கன்னத்தில் சின்னதாக ஒரு தாமரைச் செதுக்கல். அழகாகத்தான் இருந்தது. டாக்டரிடம் கொடுக்க வேண்டிய நாள் காலையில் வீட்டு மேஜையில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார் மட்டும் என்னைப் பார்த்து, நான் தாங்கமாட்டேன் என்று சொல்வது போலவே இருந்தது. ஒரே ஒரு வரிசை போட்டால் என்ன? ஊசியில் நூல் கோத்தும்விட்டேன். நைட் டியூட்டி முடிந்து உள்ளே வந்த கிரேஸ் ஒரு பார்வை பார்த்தாள். ஊசியை என் கையிலிருந்து வாங்கி, யூனிஃபார்ம் பையில் குத்திக்கொண்டு, போய்ப் படுத்துவிட்டாள். அவ்வளவுதான். இல்லாவிட்டால் நான் இந்தக் கதையை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வருஷம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு ஹால் கிடைக்கவில்லை. டாக்டர் தன் நிலத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். திறந்தவெளி என்றதும் எல்லோருக்கும் ஊர் ஞாபகம் தலைக்கேறிவிட்டது. மாட்டுப் பொங்கலும் சேர்த்துக் கொண்டாட வேண்டும், மாடு வேண்டும் என்றார்கள். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் மாடு இருந்தது. ஆனால் அதன் கொம்புகள் சுவருக்குச் சுவர் முட்டுகிற நீளம், இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கமிட்டி உட்கார்ந்து யோசித்து, மாட்டுக்குப் பதில் குதிரை என்று முடிவெடுத்தது. நான்கு கால் இருக்கிறது, புல் தின்கிறது, யாருக்கு என்ன ஆட்சேபம் என்று கேட்டார் செயலாளர் முரளி. கமிட்டியில் பாதிப் பேர் இன்ஜினியர்கள்; ஒரு பாகம் கிடைக்காவிட்டால் அதற்குச் சமமான பாகம் போட்டு வேலையை முடிப்பது அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது.

ஆகவே பிஸ்கட்டைக் குளிப்பாட்டினார்கள். நெற்றியில் மஞ்சள், குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. அதை அது தன் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. கொம்பில் கட்ட வாங்கிய பலூனைக் கொம்பில்லாததால் வாலில் கட்டலாமா என்று ஒருவர் கேட்க, நித்யா அவரைப் பார்த்த பார்வையில் பலூன் காணாமல் போய்விட்டது. நித்யா இங்கேயே பிறந்த பெண். நாம் தமிழில் என்ன கேட்டாலும் புரியும். பதில் இங்கிலீஷில் வரும். "ஷி டசின்ட் லைக் கிரவுட்ஸ்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவள் குதிரையைச் சொல்லவில்லை, தன் அம்மாவைச் சொல்கிறாள் என்று நினைத்து, பரவாயில்லம்மா என்றார்கள்.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். எனக்குத் தெரியாமல் அவர் செய்த ஏற்பாடு அது. பிஸ்கட் போட்டிருக்கிற இந்த அழகான தலைப்பட்டை கடையில் வாங்கியதில்லை, நம்மில் ஒருவர், ஆம்பூர்க்காரர், தன் கையால் தைத்தது என்று சொல்லி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, என் முழுப் பெயரையும் சொன்னார். அப்பா பெயரோடு. கை தட்டினார்கள். நான் கையில் மெதுவடைத் தட்டோடு எழுந்து நின்று, வடையைத்தான் தூக்கிக் காட்டினேன் என்று கிரேஸ் சொல்கிறாள்.

பிஸ்கட் வழக்கமாக நிற்கிற இடம் லாயத்து ஓரம். ஆனால் போட்டோவில் பானையும் குதிரையும் சேர்ந்து வர வேண்டும் என்று முரளிக்குத் தோன்றியது. அவரும் இன்னொருவரும் அதைக் கூட்டிக்கொண்டு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் பந்தல் கால் ஒன்றில் கட்டினார்கள். நித்யா ஓடி வந்து, அங்கே கட்டக் கூடாது என்றாள். "ரெண்டே நிமிஷம்மா. ஒரு போட்டோ" என்றார் முரளி. நான் தூரத்தில் இருந்தேன். பந்தலுக்குக் கீழே பானை கொதிக்கிறது. அதைச் சுற்றிப் பட்டுப்பாவாடைக் குழந்தைகள். குழந்தைகள் கையில் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, கரண்டி. என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயிரம் தடவை தப்பாகக் கவலைப்பட்டவன், அன்று ஒரு தடவை சரியாகக் கவலைப்பட்டேன். கத்த வாய் திறந்தேன். வாயில் வடை.

பானையில் பால் விளிம்புக்கு வந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று மொத்தக் கூட்டமும் கத்த, அத்தனை தட்டும் ஒரே நேரத்தில் முழங்கின.

பிஸ்கட்டின் கண் வெள்ளையாகத் திரும்பியதைப் பார்த்தேன். பின்னங்கால்களை ஊன்றி, மொத்த உடம்பையும் பின்னால் போட்டு இழுத்தது. கயிறு விறைத்தது. பந்தல் கால் சாய ஆரம்பித்தது. மேலே துணி ஒரு பக்கமாக இறங்கியது. என் கண்முன்னால் டார்லா கடையின் அந்தக் கம்பம், அந்த சிமென்ட் உருண்டை. அந்த வாரை எவ்வளவு சீவினோம், போதுமா, கடைசியில் ஊசியைக் கிரேஸ் வாங்கினாளா, அல்லது வாங்கியதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்று எல்லாம் சேர்ந்து தலை சுற்றியது. ஆண்டவரே, அறுந்துபோகட்டும் என்று வேண்டினேன். தான் செய்த பொருள் உருப்படாமல் போக வேண்டும் என்று ஜெபம் செய்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அறுந்துபோ, அறுந்துபோ என்று அந்த வாரோடு பேசினேன்.

டப் என்று ஒரு சத்தம். ஹால்டர் கழன்று விழுந்தது. பிஸ்கட் நாய் மாதிரி புட்டத்தில் உட்கார்ந்து, எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய், அலங்காரத்துக்குச் சாய்த்து வைத்திருந்த கரும்பைத் தின்ன ஆரம்பித்தது. பந்தல் கால் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை. இந்த அமளியில் பானை பொங்கி வழிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் பொங்கியது என்று இன்றுவரை முடிவாகவில்லை.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கையில் கிரேஸ் நாடி பார்த்தாள், இன்னொரு கையில் டாக்டர் நாடி பார்த்தார். அதற்குள் முரளி மைக்கை எடுத்து, "யாரும் பயப்பட வேணாம். குதிரைக்கு ஒண்ணும் ஆகல. நம்ம ஆம்பூர் அண்ணனோட வார்தான் அறுந்துபோச்சு" என்று அறிவித்தார்.

அவ்வளவுதான். என் முழுப் பெயரைக் கேட்ட அதே கூட்டம், சூடு ஆறுவதற்குள் இதையும் கேட்டது. ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொன்னார்கள். பரவாயில்லை பிரதர், இந்த ஊர் மெட்டீரியல் அப்படி என்றார் ஒருவர். அடுத்த தடவை நைலானில் செய்யுங்கள் என்றார் இன்னொருவர். ஐயா, அது அறுந்துபோகத்தான் செய்தது என்று நான் சொல்லச் சொல்ல, என் தோளைத் தட்டினார்கள். பாவம், சமாளிக்கிறார் என்று கண்ணில் தெரிந்தது. டாக்டர் எனக்காக வாதாட வந்தார். வீட்டில் கரன்ட் அதிகமானால் ஃபியூஸ் போவதில்லையா, அதே மாதிரி என்றார். உடனே எலக்ட்ரிகல் இன்ஜினியர்கள் நான்கு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஃபியூஸ் நல்லதா பிரேக்கர் நல்லதா என்று ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை அது போனது. என் வாரை எல்லோரும் மறந்துபோனார்கள்.

நித்யா மட்டும் அறுந்த ஹால்டரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகம் முழுக்க அழுத கறை. அறுந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அந்தப் பெண் என்னிடம் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான்.

"நல்லா அறுந்துச்சு, அங்கிள்."

திங்கட்கிழமை டார்லாவிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். குதிரைக்கு ஏன் மாலை போட்டீர்கள், ஏன் பாலைக் கொதிக்க வைத்துவிட்டு அதைப் பார்த்துக் கத்தினீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அறுந்த முனை இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அதை அப்படியே கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். பிறகு முத்திரையில் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் ஆம்பூரின் ஆ போதும் என்று எழுதிக் கொடுத்தேன். வார்ப்புக்காரன் அதைத் தலைகீழாக வார்த்துவிட்டான். மாற்றக் கேட்கலாமா என்று ஒரு மாதம் கவலைப்பட்டு, கேட்காமலே விட்டுவிட்டேன். அந்தத் தலைகீழ் எழுத்தைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கௌபாய்கள், எதற்கு நத்தை என்று கேட்பார்கள். நத்தை என்றால் நிதானம் என்று டார்லா ஏதோ சொல்லிச் சமாளிப்பார்.

தமிழர்கள் மத்தியில் எனக்கு வேறு முத்திரை விழுந்துவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலிலிருந்து முரளி குரல் கொடுப்பார்: "வாங்கண்ணே. இன்னிக்கு எதுவும் அறுந்துபோகலையே?" பந்தியில் இலை கிழிந்தால் என் பக்கம் திரும்புவார்கள். கல்யாணத்தில் மாலை நார் விட்டுப்போனால், அண்ணன் தொட்டாரா என்று கேட்பார்கள். புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்கு என்னைக் காட்டி, தலையும் வாலும் சேர்த்துக் கதை சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் குதிரை இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. விளக்கப் பார்ப்பேன். பிறகு விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதற்குப் பிறகு கிரேஸின் ஹஸ்பண்ட் என்று யாரும் சொல்லவில்லை. கிரேஸைத்தான், "வார் அறுந்துச்சே, அந்த அண்ணனோட வைஃப்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் அதற்காக என்னை ஒரு வாரம் சும்மா விடவில்லை.

அந்தத் தகரக் கொட்டகை இப்போது இல்லை. நிலத்தின் விலை ஏறியதும் டார்லா விற்றுவிட்டு மலைப்பக்கம் போய்விட்டார்; அந்த இடத்தில் ஒரு டேகேர், ஒரு டீக்கடை, ஜவ்வரிசி போட்ட டீ. அந்தச் சிக்னலும் எடுத்துவிட்டார்கள், மேலே பாலம் போகிறது. பிஸ்கட் வயதாகி, ஒரு குளிர்காலத்தில் லாயத்திலேயே போய்ச் சேர்ந்தது. டாக்டரின் நிலத்தில் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். நித்யா கிழக்குக் கரைப் பக்கம் பிளெய்ன்ஸ்பரோவில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். முரளி மகனோடு இருக்க மேற்குக் கரையில் பே ஏரியா போனார். கூடவே ஃபியூஸ்காரர்களும் ஒவ்வொருவராக ரிடையர் ஆகி, பேரப்பிள்ளைகள் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார்கள்.

இந்த வருஷப் பொங்கல் ஒரு பள்ளிக்கூட கேஃப்டீரியாவில் நடந்தது. நெருப்புக்கு அனுமதியில்லை, மின்சார அடுப்பு. அட்டையில் வெட்டிய மாடு. எல்லாம் இளம் பிள்ளைகள், நன்றாகவே செய்கிறார்கள். ஏதாவது உதவுகிறேன் என்று போய், வாசலில் காகிதத் தோரணம் கட்டப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக் கட்டும்போது என் கையிலேயே பட்டென்று அறுந்தது.

நான் உடனே திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன். கூட்டம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இளைஞர் டேப் எடுத்து வந்து, அறுந்த இடத்தை ஒட்டிவிட்டு, "ஓகே அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.